விதி பேசுவோரும் விலை பேசுவோரும்

"அவள் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று கூறி எழுந்து போகிறார்கள், இழவு வீட்டுக்கு வந்தவர்கள். எழுதியவன் யார், எந்த மொழியிலே எழுதினான், எழுதியதைப் படித்துச் சொன்னவர் எவர் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது, பெருமூச்சுத்தான் வரும். 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீடு ஒன்று உண்டு. இந்தியாவிலே அந்த ஓராண்டில் மட்டும் ஒரு இலட்சத்து 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டது என்றும், ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் அந்நோயால் மாண்டனர் என்றும் அது கூறுகிறது. கேட்கிறோம் நாம்: ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் தலைகளிலே ஒரே எழுத்தை ஓயாமல் எழுதுகிற அந்த எழுத்தன், செல்வம் கொழிக்கும் நாடுகளிலே மட்டும் கைவலித்து நிறுத்திக் கொண்டது ஏன்? ஏழை நாட்டுப் பெண்ணின் நெற்றி மட்டும் அவனுக்கு இவ்வளவு எளிதாக அகப்படுவது ஏன்?

எழுதியவன் எவனும் இல்லை, தோழர்களே. இந்நோய்க்கு வேர் ஒரு வைரஸ். மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்று பெயர். அதைக் கண்டு கூறிய ஜெர்மன் அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. காரணம் தெரிந்த நோய் இது. தடுப்பூசி உள்ள நோய் இது. வருமுன் சோதித்துக் காணக்கூடிய நோய் இது. அவற்றைப் பற்றி மேடையிலே பேசுவோர் இப்போது சிலராவது உளர். ஆனால் வந்துவிட்ட பிறகு என்ன செய்வது என்பதைப் பேசுவோர் அரியர். "வந்துவிட்டதா? முடிந்தது கதை" என்று அங்கேயும் விதியை அழைத்து வந்து நாற்காலி போட்டு அமர்த்தி விடுகிறார்கள். அந்த நாற்காலியைத்தான் நாம் இழுக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுப் பெண் மருத்துவமனைக்கு வருகிற வேளையிலே, பெரும்பாலும், நோய் கருப்பையின் வாயைத் தாண்டிப் பரவியிருக்கும். அறுத்தெடுத்து ஆற்றிவிடும் கட்டம் கடந்திருக்கும். அப்போது கைகொடுப்பது கதிர்வீச்சு மருத்துவம். 'கரண்ட் வைப்பது' என்று மக்கள் கூறுகிறார்கள்; கூறும்போதே குரல் தாழ்கிறது. சுட்டுப் பொசுக்கிவிடும், கருக்கிவிடும், பிழைத்தாலும் பயனில்லை என்று அச்சமூட்டுவோர் தெருவுக்கு நால்வர். உண்மை யாதெனில், வெளியிலிருந்து ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்குச் சில நிமிடங்கள் கதிர் செலுத்துகிறார்கள். பின்னர்க் கருப்பைக்குள்ளேயே கருவி பொருத்தி, நோயின் நடுவிடத்தில் உட்கதிர் கொடுக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் மருத்துவம் முழுமை. வெளிக்கதிரோடு நின்றுவிட்டவள் பாதி மருத்துவம் பெற்றவள்.

கதிர் என்ன செய்கிறது? புற்றணுவின் உள்ளே இருக்கும் மரபிழையை முறிக்கிறது. முறிந்த இழையை ஒட்டிக் கொள்ளும் ஆற்றல் அணுவுக்கு உண்டு. ஒட்டிக் கொண்டால் பிழைக்கிறது, முடியாவிட்டால் மடிகிறது. இந்தப் போரிலே கதிருக்குத் துணை உயிர்வளி, அதாவது ஆக்சிஜன். உயிர்வளி நிறைந்த அணுவைக் கொல்லப் போதுமான கதிர், உயிர்வளி இல்லாத அணுவைக் கொல்லப் போதாது; இரண்டரை மடங்கு முதல் மூன்று மடங்கு வரை தேவைப்படும். இங்கிலாந்திலே கிரே என்பாரும் அவர்தம் துணைவர்களும் 1953இல் இதனை விளக்கினர். 1955இல் தாம்லின்சனும் கிரேயும், கட்டியின் உள்ளே இரத்தக் குழாயிலிருந்து சற்றே விலகிய இடத்தில் அணுக்கள் மூச்சுத் திணறிச் செத்துக் கிடப்பதைக் கண்டனர். 'சற்றே' என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! அதற்கு அப்பால் செத்த அணு; அதற்கு இப்பால் உயிருள்ள அணு; இடையிலே அரைமூச்சு விட்டுக் கொண்டு கிடக்கும் அணு ஒன்று இருக்கிறதே, அதுதான் கதிரை ஏமாற்றித் தப்பி, ஓராண்டு கழித்துத் தலைதூக்கும் பகை.

அந்தப் பகையை வெல்லத்தான் மருந்தைத் துணைக்கு அழைத்தனர் மருத்துவர்கள். அழைத்த கதை வெற்றிகளின் வரிசை அல்ல, அதனாலேயே கேட்கத்தக்கது.

முதலிலே காற்றையே மருந்தாக்கிப் பார்த்தார்கள். இலண்டனில் 1955 முதல், நோயாளியை அழுத்தம் மிகுந்த உயிர்வளி அறைக்குள் கிடத்திக் கதிர் செலுத்தினார்கள். சில சோதனைகளிலே பயன் தென்பட்டது, சிலவற்றிலே இல்லை, தொல்லை மிகுதி, நிலைக்கவில்லை. பிறகு, உயிர்வளிபோல நடிக்கக்கூடிய மருந்துகளைத் தேடினார்கள். மிசோனிடசோல் என்றொரு மருந்து ஆய்வுக்கூடத்திலே அருமையாக நடித்தது. மனித உடலிலே நரம்புகளைத் தாக்கியது. தேவையான அளவு கொடுக்க இயலவில்லை, கொடுத்த அளவு போதவில்லை. ஹைட்ராக்சியூரியாவோடு அதை நிறுத்துப் பார்த்தார்கள். ஹைட்ராக்சியூரியாவே மேல் என்று தெரிந்தது. அந்த ஹைட்ராக்சியூரியாவும் பின்னர் வேறொன்றிடம் தோற்றது.

தோற்கடித்த அந்த மருந்தின் பிறப்பு வேடிக்கையானது. 1845 வாக்கிலே இத்தாலிய வேதியியலார் பெய்ரோன் ஆக்கிய பிளாட்டினக் கூட்டுப்பொருள் அது. நூறாண்டுக்கு மேல் அதைப் புற்றுநோய்க்கு மருந்தென்று எவரும் எண்ணவில்லை. 1960களிலே அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர், மின்புலம் அணுக்கள் பிரிவதை எப்படிப் பாதிக்கிறது என்று அறிய விரும்பினார். நுண்கிருமிகளை வளர்த்து, பிளாட்டினக் கம்பி வழியே மின்சாரம் பாய்ச்சினார். கிருமிகள் பிரியாமல் நீண்டன, இயல்பைவிட முந்நூறு மடங்கு வரை! மின்சாரமா காரணம்? 'ஆம்' என்று கூறி மாலை சூட்டிக் கொண்டிருக்கலாம். அவர் ஐயுற்றார், ஆராய்ந்தார், கம்பியிலிருந்து கரைந்து வந்த பிளாட்டினமே காரணம் என்று கண்டார். 1965இல் வெளியிட்டார். அதுவே சிஸ்பிளாட்டின். 1978இல் அமெரிக்கா அதை மருந்தாக ஏற்றது. தன் கருவியையே சந்தேகித்தவனால் வந்த மருந்து இது. 'சந்தேகப்படாதே, நம்பு' என்று போதித்தவர்களால் வந்த மருந்து எது என்று ஒரு பட்டியல் கொடுத்தால் நன்றியோடு பெற்றுக்கொள்வோம்.

சிஸ்பிளாட்டின் மரபிழையிலே பூட்டுப் போடுகிறது. கதிர் முறித்த இழையை ஒட்டவிடாமல் தடுக்கிறது. எனவே வாரம் ஒருமுறை, கதிர் நடைபெறும் ஐந்து அல்லது ஆறு வாரமும், உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 40 மில்லிகிராம் என்ற கணக்கிலே சிறிதளவு செலுத்தினால் கதிரின் கூர்மை கூடுகிறது. இதுதான் கருத்து. கருத்து அழகாக இருக்கிறது என்பதற்காக மருத்துவம் ஆகிவிடுமா? ஆகாது. மிசோனிடசோலும் அழகான கருத்துத்தான்.

ஆகவே சோதித்தார்கள். ஐந்து பெரிய சோதனைகள். பெண்களைச் சீட்டுக் குலுக்கல் முறையிலே பிரிவுகளாக்கி, மருத்துவ வகைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐந்திலும் சிஸ்பிளாட்டின் சேர்ந்த பக்கமே வென்றது. இறப்பு வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தது. 1999 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், ஆய்வுக் கட்டுரைகள் அச்சேறுவதற்குக்கூடக் காத்திராமல் மருத்துவர்களுக்கு அறிவிப்பு விடுத்தது: இந்நோய்க்குக் கதிர் தேவைப்படும் பெண்களுக்குச் சிஸ்பிளாட்டினையும் உடன் கொடுப்பதை அழுத்தமாகக் கருதுங்கள் என்று.

அத்துடன் கொட்டு முழக்கி முடித்துவிட்டார்களா? இல்லை. 2002இல் கனடா நாட்டுச் சோதனை ஒன்று வந்தது, 253 பெண்கள், மருந்து சேர்த்ததால் பெரிய வேறுபாடு இல்லை என்றது. அதை மறைக்கவில்லை, அச்சிட்டார்கள். பின்னர்ப் பல நாடுகளின் சோதனைகளிலே பங்கேற்ற பெண்கள் ஒவ்வொருவரின் விவரத்தையும் ஒன்று திரட்டி 2008இல் கணக்குப் பார்த்தார்கள். ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருப்போர், கதிர் மட்டும் பெற்ற நூறு பேரில் 60. மருந்தும் சேர்த்துப் பெற்ற நூறு பேரில் 66.

"ஆறுதானா?" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள் சிலர். ஆறுதான். அற்புதம் அல்ல, ஆறு. ஆனால் அந்த ஆறு பேர் யார்? ஆறு வீட்டு அடுப்பு. ஆறு வீட்டுப் பிள்ளைகளின் தலைவாரும் கை. நூறு பேருக்கு ஆறு என்றால் ஆயிரம் பேருக்கு அறுபது. பல்லாயிரம் பெண்கள் நோயுறும் நாட்டிலே அது எத்தனை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். முழுக்கவும் பிழைக்க வைப்பேன் என்று வாக்களித்து ஒருவரையும் பிழைக்க வைக்காதவனைவிட, ஆறு பேரைப் பிழைக்க வைத்து, ஆறு என்றே கணக்குக் காட்டுபவன் நமக்கு உறவு.

ஆயினும், அந்தக் கணக்கிலே ஒரு முள் இருந்தது. நோயின் கட்டம் உயர உயரப் பயன் குறைந்தது. தொடக்கக் கட்டத்தாருக்கு நூற்றுக்குப் பத்து, இரண்டாம் கட்டத்தின் பிற்பகுதியினருக்கு ஏழு, மூன்றாம் கட்டமும் அதற்கு மேலும் உள்ளோருக்கு மூன்று. நம் பெண்களோ மூன்றாம் கட்டத்திலே வந்து சேர்பவர்கள். இரத்தம் குன்றியவர்கள், உண்டும் உண்ணாமலும் உழைத்தவர்கள். மேனாட்டுப் பெண்ணிடம் கண்ட பயனை இவர்களிடம் எதிர்பார்க்கலாமா? எதிர்பார்த்து மருந்தைச் செலுத்தி, சிறுநீரகத்தைக் கெடுத்து, கதிரையும் பாதியில் நிறுத்தும்படி ஆகிவிட்டால்?

நியாயமான ஐயம். மேல்நாடு சொன்னது வேதம் என்று மண்டியிடவும் இல்லை, வெள்ளைக்காரன் மருந்து வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக் கொள்ளவும் இல்லை, பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையார். தாமே சோதித்தார்கள். மூன்றாம் கட்டத்தின் கடுமையான பிரிவைச் சேர்ந்த 850 பெண்கள். 2003இல் தொடங்கி 2011 வரை சேர்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தோர், கதிர் மட்டும் பெற்றோரில் 46 விழுக்காடு, சிஸ்பிளாட்டினும் பெற்றோரில் 54 விழுக்காடு. நூற்றுக்கு எட்டு! நம் மண்ணின் பெண்கள், நம் மருத்துவமனை, நம் கணக்கு. தமிழகத்திலும் இந்த எண்ணம் புதிதன்று. டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் முயன்று 1954இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலே, டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தா அம்மையாரும் 1970களிலேயே வாய்ப்புற்றுக்குக் கதிரோடு ப்ளியோமைசின் என்ற மருந்தைச் சேர்த்துச் சோதித்து, உலக இதழ்களிலே எழுதினார்கள். ஆராய்வதற்கு அயல்நாட்டான்தான் பிறக்க வேண்டும் என்ற அடிமைப் பேச்சுக்கு அவர்களது ஏடுகள் போதும்.

தோல்விகளையும் சொல்லிவிட வேண்டும். உயிர்வளி இல்லாத அணுவையே தேடிக் கொல்லும் என்று டிராபசமின் என்ற மருந்தின்மீது பெரு நம்பிக்கை வைத்திருந்தார்கள். சிஸ்பிளாட்டினோடும் கதிரோடும் அதைச் சேர்த்துப் பார்த்ததிலே கூடுதல் பயன் இல்லையென்று 2014இல் தெரிந்தது. இரத்தச் சோகையைப் போக்கினால் கட்டிக்கு உயிர்வளி சேரும் என்று எரித்ரோபொய்ட்டின் ஊசி போட்டார்கள். இரத்தக் குழாய்களிலே உறைகட்டி ஏற்படுவதைக் கண்டு சோதனையையே இடையில் நிறுத்தினார்கள். டிரையபின் என்ற மருந்து 2023இல் தோற்றது. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் டர்வலுமாப், 770 பெண்களிடம் சோதிக்கப்பட்டு, எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. கோடிகளைக் கொட்டி ஆக்கிய மருந்து. கொட்டியவர்களே 'இதனால் பயன் இல்லை' என்று உலகறியக் கூற வேண்டியதாயிற்று. கூற வைத்தது அவர்களது நல்லெண்ணம் அல்ல, சோதனை என்ற முறை.

இப்போது கேட்கிறோம், மூலிகைச் சூரணத்தால் மூன்றே மாதத்தில் புற்று கரையும் என்று விளம்பரம் செய்வோரை. உங்கள் சூரணத்தை எத்தனை பெண்களிடம் சோதித்தீர்கள்? சூரணம் உண்ணாதவர்களோடு ஒப்பிட்டீர்களா? ஐந்தாண்டு கழித்து எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள்? இருந்த கணக்கைக் காட்டாவிட்டாலும், இறந்த கணக்கையாவது காட்டுவீர்களா? மூலிகை என்பதால் நாம் இகழவில்லை. கருப்பைவாய்ப் புற்றுக்கு இப்போது பெரிதும் பயன்படும் பாக்லிடாக்சல், ஒரு மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. தராசிலே ஏறி நின்று எடை காட்டியதால் மருந்தாயிற்று. தராசைக் கண்டாலே ஓடுகிறதே உங்கள் சூரணம், அதைத்தான் இகழ்கிறோம். புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அதன் அட்டவணையிலே புற்றுநோயின் பெயர் அச்சாகியே இருக்கிறது. அடையாற்று மருத்துவமனைக்கும் அந்தச் சட்டத்துக்கும் வயது ஒன்றே. மருத்துவமனை ஓயாமல் உழைத்தது, சட்டம் உறங்கிற்று.

விதி பேசுவோரை விட்டு விலை பேசுவோரிடம் வருவோம்.

இவர்கள் கோவிலுக்குப் போகாதவர்களாகக்கூட இருப்பார்கள். ஆனால் விலை உயர்ந்தது எதுவோ அதுவே உயர்ந்த மருந்து என்று கும்பிடுவார்கள். இதுவும் மூடநம்பிக்கையே. 2024இல் வெளியான இரு சோதனைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்தை, கதிர்–சிஸ்பிளாட்டினோடு சேர்த்து, பின்னரும் தொடர்ந்து, மொத்தம் இருபது தவணை, ஏறத்தாழ ஈராண்டு கொடுத்தது, 1,060 பெண்கள். மூன்றாண்டு முடிவில் உயிரோடு இருந்தோர் 82.6 விழுக்காடு, மருந்து பெறாதோரில் 74.8. நல்ல பயன். நாம் அதை மறுக்கவில்லை. மற்றொன்று, இலண்டன் மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவும் பங்கேற்ற சோதனை, 500 பெண்கள். கதிர் தொடங்குவதற்கு முன் ஆறு வாரம், வாரம் ஒரு முறை, கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற இரு பழைய மருந்துகள். ஏழாவது வாரம் வழக்கமான கதிரும் சிஸ்பிளாட்டினும். ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தோர் 80 விழுக்காடு. முன்மருந்து பெறாதோரில் 72. அங்கே சேர்ந்தோரில் பெரும்பாலோர் இரண்டாம் கட்டத்தினர் என்பதையும், மூன்றாம் கட்டத்தினர் சிலரே என்பதையும் மறக்கக் கூடாது. இரு சோதனைகளின் பெண்களும் ஒரே நிலையினர் அல்லர். அந்த எச்சரிக்கையோடே சொல்கிறோம்: முதல் மருந்து ஒரு தவணைக்கே இலட்சக்கணக்கில் விலை. இரண்டாவது வகை, காப்புரிமைக் காலம் என்றோ முடிந்த சரக்கு.

எதைப்பற்றி ஊரெங்கும் பேச்சு? முன்னதைப் பற்றித்தான். பழைய மருந்துக்கு விளம்பரம் செய்ய முதலாளி இல்லை. சிஸ்பிளாட்டினோ, இந்திய அரசின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலேயே உள்ள மலிவுப் பொருள். அதைப் புகழ எவன் பணம் செலவழிப்பான்? நிலத்தை விற்றாவது புதிய ஊசி போடத் துடிக்கிறார் கணவர். அந்தத் துடிப்பை நாம் பழிக்கவில்லை. அவரிடம், 'முதலில் கதிரை எட்டு வாரத்துக்குள் முடி, ஐந்து ஊசியையும் தவறாமல் போடு, உட்கதிரைத் தவிர்க்காதே' என்று சொல்லாமல் விலைப்பட்டியலை நீட்டுகிற வாணிகத்தையே பழிக்கிறோம். புதிய மருந்து நம் அரசு மருத்துவமனைக்கும் வரவேண்டும். விலையைப் பேரம் பேசிக் குறைத்து வாங்குவது அரசின் கடமை. வரும்வரை, வந்திருப்பதை வீணாக்கலாமா?

எட்டு வாரம் என்றோம். அதை விரித்துச் சொல்ல வேண்டும். கதிர் தொடங்கிய நாள் முதல் உட்கதிர் முடியும் நாள் வரை எட்டு வாரத்துக்கு மேல் இழுத்தால், கட்டி மீண்டும் வளர நேரம் கிடைக்கிறது. மருந்து, கதிரின் கூர்மையைக் கூட்டும் சாணைக்கல். கத்தியையே பாதியில் கீழே போட்டுவிட்டுச் சாணைக்கல்லை மட்டும் வைத்துக் கொண்டு என்ன செய்வது? ஆனால் எதற்கெல்லாம் நிறுத்துகிறார்கள்! ஊரிலே தேர்த் திருவிழா, பத்து நாள் போய் வருகிறோம். ஆடி மாதம், புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. மைத்துனர் வீட்டுத் திருமணம், அவள் இல்லாவிட்டால் சமைப்பது யார்? நடவு நேரம், கூலி போய்விடும். இவற்றிலே கடைசியாகச் சொன்னது ஒன்றுதான் காரணம், மற்றவை சாக்கு. கூலி இழக்கும் பெண்ணுக்கு ஈடு கொடுக்க அரசு முன்வரட்டும், மருத்துவமனை அருகே தங்க இடம் கட்டட்டும், உடன் வருபவருக்கும் சோறு போடட்டும். இரயிலிலே புற்றுநோயாளருக்குக் கட்டணச் சலுகை உண்டு; இரயில் நிற்காத ஊரிலிருந்து வருபவளுக்கு அது எட்டாக் கனி. சலுகை என்ற சொல்லே நமக்குப் பிடிக்கவில்லை, அது வேறு.

ஊசியின் தொல்லையையும் மறைக்க வேண்டாம். குமட்டும், வாந்தி வரும். சிறுநீரகம் கெடாதிருக்க ஊசிக்கு முன்னும் பின்னும் நரம்பு வழியே நீர் ஏற்றுவார்கள். காது மந்தமாகலாம், விரல் மரத்துப் போகலாம், இரத்த வெள்ளணு குறையலாம். அதற்காகவே வாரந்தோறும் இரத்தம் சோதிக்கிறார்கள். நோய் முற்றிய பெண்ணிடம் ஒரு கொடுமை நிகழும்: கட்டி சிறுநீர்க் குழாய்களை நெருக்கும், சிறுநீரகம் சோர்ந்துவிடும், அப்போது சிஸ்பிளாட்டினைக் கொடுக்க இயலாது என்று மருத்துவர் கைவிரிப்பார். வேறு மருந்தைத் தேட வேண்டும், அல்லது கதிர் மட்டும் என்று நிற்க வேண்டும். அதாவது, வெள்ளைப்படுதலையும் இடையிடையே வரும் குருதியையும் 'பெண்களுக்கு இயல்பு' என்று மூடிவைத்த ஓராண்டு, அவளிடமிருந்து அந்த மலிவு மருந்தையும் பறித்துக் கொண்டுவிட்டது. மூடி வைத்தது யார்? 'வெளியே சொல்லாதே, வெட்கம்' என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? உட்கதிர்க்குக் கருவி பொருத்த வேண்டும் என்றதும், 'அந்த இடத்திலா? வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்' என்று கையெழுத்திட்டு அழைத்துச் செல்வது யார்? உயிரைவிட மானம் பெரிது என்று ஆண்கள் பேசுகிறார்கள். உயிர் அவளுடையது என்பதால் பேச எளிதாக இருக்கிறது.

இந்த அறிவு எப்படி வந்தது என்பதிலும் ஒரு பெண்ணின் கதை இருக்கிறது; விலை பேசுவோர் அதைக் கேட்க வேண்டும். 1951. அமெரிக்காவில் பால்டிமோர் நகரம். ஹென்ரியட்டா லேக்ஸ் என்ற கறுப்பினப் பெண்; ஐந்து பிள்ளைகளின் தாய்; கருப்பைவாய்ப் புற்று. கறுப்பருக்கென்று தனியே ஒதுக்கிய வார்டு. ரேடியம் வைத்தார்கள், அவ்வாண்டு அக்டோபரிலே இறந்தார், வயது 31. அவரைக் கேளாமலே அவர் கட்டியிலிருந்து எடுத்த அணுக்கள் ஆய்வுக்கூடத்திலே சாகாமல் பெருகின. கதிர் எவ்வளவு கொடுத்தால் மனித அணுவில் எத்தனை பங்கு மடியும் என்று 1956இல் பக், மார்க்கஸ் என்ற இருவர் முதன்முதலாக வரைந்த கோடு அந்த அணுக்களைக் கொண்டு வரைந்ததே. கதிரியலின் பாடநூல்களில் இன்றும் நிற்கும் கோடு! அணுக்களை விற்று நிறுவனங்கள் பொருள் ஈட்டின. அவருடைய குடும்பத்தாருக்குப் பல்லாண்டு வரை செய்தியே தெரியாது. 2023இல்தான் ஒரு நிறுவனம் வழக்கிலே உடன்பாட்டுக்கு வந்தது. ஏழைப் பெண்ணின் உடலிலிருந்து பெற்ற அறிவு இது. அதன் பயன் ஏழைப் பெண்ணுக்கு எட்டாத விலையிலே விற்கப்படுமானால், அதற்கு வாணிகம் என்ற பெயர் போதாது.

2020இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்நோயை ஒழிக்க மூன்று குறிகளை 2030ஆம் ஆண்டுக்கென வகுத்தது: 15 வயதுக்குள் 90 விழுக்காடு சிறுமியருக்குத் தடுப்பூசி, 70 விழுக்காடு பெண்களுக்குச் சோதனை, நோய் கண்டவருள் 90 விழுக்காட்டினருக்கு மருத்துவம். முதல் இரண்டையும் பேச ஆள் இருக்கிறார்கள். மூன்றாவது குறி நம் இளைஞர் மன்றங்களுக்கு உரியது என்கிறோம். அதற்கு மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். உங்கள் தெருவிலே அந்த மருத்துவத்தில் இருக்கும் பெண் ஒருத்தி இருக்கக் கூடும். வீட்டாரின் இசைவோடு சென்று, அவளிடம் உள்ள மருத்துவமனை அட்டையைப் பாருங்கள். கதிர் எத்தனை நாள் முடிந்தது? இடையிலே எத்தனை நாள் விட்டுப்போயிற்று, ஏன்? ஐந்து ஊசியில் எத்தனையாவது? கடைசியாக இரத்தம் சோதித்தது எந்த நாள்? உட்கதிருக்கு நாள் குறித்தாயிற்றா? குறித்த நாளில் அவளோடு பேருந்து ஏறப் போவது யார்?